பெட்டியைத் திறக்கும் முன் மாமாவின் பக்கத்தில் உட்காருங்கள்

ஜீவன் பீமா நகரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மாமனாருக்கு 83 வயது, கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். 1974 முதல் இருபத்தைந்து வருடம் ஞாயிறுதோறும் பெங்களூர் ஏரிகளில் பறவைகளை எண்ணி எழுதிய நோட்டுகள், கர்நாடகத்தின் பி.ஆர். மலையில் (பிளிகிரி ரங்கன மலை) மாணவர்களோடு மரங்களை அளந்த நோட்டுகள், ஒரு டப்பா நிறைய ஃபிளாப்பிகள் என்று எல்லாம் இரண்டு டிரங்குப் பெட்டிகளில் இருக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். இதெல்லாம் யாருக்காவது பயன்படுமா, எங்கே கொடுப்பது, ஸ்கேன் எடுத்துவிட்டுப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா என்பது அவர் கேள்வி.

பயன்படும். நிச்சயமாகப் பயன்படும். பழைய பேப்பருக்குப் போடாதீர்கள், ஸ்கேன் எடுத்த பிறகும் போடாதீர்கள். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். பெட்டி இன்னும் ஆறு மாதம் தாங்கும். மாமாவின் நினைவு தாங்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இந்த வாரமே அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள், பெட்டியை அப்புறம் திறக்கலாம்.

ஏன் இப்படி அவசரப்படுத்துகிறேன் என்றால், இதே ஊரில் இருபது வருடமாகக் களக்குறிப்புகளைத் திரட்டிக் காக்கும் வேலையில் இருக்கிறேன், ஒரு முறை கையில் வந்ததைக் கோட்டைவிட்டவர்களில் நானும் ஒருவன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்துக்கு, காட்டு மரங்கள் எப்போது துளிர்க்கின்றன, பூக்கின்றன, காய்க்கின்றன என்று பதினோரு வருடம் மாதாமாதம் குறித்த நோட்டுகள் வந்தன. எழுதியவர் காலமாகியிருந்தார். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் எடுத்தோம், வெளியே கொடுத்து டைப் செய்தோம், வைக்க இடமில்லை என்று நோட்டுகளைக் கழித்துவிட்டார்கள். கணினியில் போட்டுப் பார்த்தால், ஒரு வருடம் தொடர்ந்து நான்கு மாதம் அந்தக் காட்டில் ஒரு மரம்கூடப் பூக்கவில்லை. வறட்சியா, நோயா என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் அவரோடு காட்டுக்குப் போய்வந்த சோளகர் பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். "ஐயாவுக்கு அந்த வருசம் மஞ்சக்காமாலை. நாலு மாசம் காட்டுக்கே வரலையே" என்றார்.

டைப் செய்தவர் காலிக் கட்டங்களில் எல்லாம் பூஜ்யம் அடித்திருந்தார். போகாத மாதங்களை எழுதியவர் பென்சிலால் மெல்லிசாகக் கோடிழுத்து அடித்திருந்தார் என்பது, தப்பிப் பிழைத்த ஒரே ஒரு நோட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கோடு ஸ்கேனில் விழவே இல்லை. மற்ற வருடங்களில் எது போகாத மாதம், எது போயும் பூ இல்லாத மாதம் என்பதை இனி யாராலும் பிரிக்க முடியாது.

2014இல் டிமதி வைன்ஸும் அவர் கூட்டாளிகளும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தாவரங்கள், விலங்குகள் பற்றி 2 முதல் 22 வருடங்களுக்கு முன் வந்த 516 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, எழுதியவர்களிடம் மூலத் தரவைக் கேட்டுப் பார்த்தார்கள். தரவு இன்னும் இருப்பதற்கான வாய்ப்பு, கட்டுரையின் வயது ஒவ்வொரு வருடம் கூடும்போதும் 17 சதவீதம் என்ற கணக்கில் சரிந்துகொண்டே போனது. அவையெல்லாம் அச்சேறிய ஆய்வுகள். அச்சேறாமல் டிரங்குப் பெட்டியில் கிடப்பவற்றைக் கணக்கெடுத்தவர் யாரும் இல்லை.

சரி, மாமாவிடம் என்ன கேட்பது? நோட்டில் அநேகமாக இப்படி ஒரு வரி இருக்கும்: "9.1.77 ஹெப்பால். சி.டி. 40, பின்டெயில் 200+, கூட் பல, டாப்சிக் –". ஒரே வரிதான், ஆனால் அதில் ஐந்து இடத்தில் சந்தேகம் வரும், பெரும்பாலானவற்றுக்கு அவரைத் தவிர வேறு யாராலும் பதில் சொல்ல முடியாது.

தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 9 என்றும் படிக்கலாம், செப்டம்பர் 1 என்றும் படிக்கலாம். ஞாயிறுதோறும் போனவர் என்று நீங்கள் சொன்னதால் இது மட்டும் எளிது. 1977 ஜனவரி 9 ஞாயிறு, செப்டம்பர் 1 வியாழன். அடுத்தது சி.டி. அந்தக் காலத்துப் பறவை ஆர்வலர்களுக்குக் காமன் டீலும் சி.டி., காட்டன் டீலும் சி.டி. முன்னது கிளுவை, வடக்கே வெகுதூரத்திலிருந்து குளிர்காலத்துக்கு மட்டும் வருவது. பின்னது குள்ளத்தாரா, வருடம் முழுக்க நம் ஏரிகளிலேயே இருப்பது. ஜூன் மாதத்தில் எழுதியிருந்தால் குள்ளத்தாராவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். ஜனவரியில் ஊகிக்க வழியே இல்லை. அவர் மனதில் அந்த இரண்டெழுத்துக்கு என்ன பொருள் என்று கேட்டு எழுதிக்கொள்ள இரண்டு நிமிடம் போதும்.

பின்டெயில், அதாவது ஊசிவால் வாத்து, 200+ என்பது எண்ணியதா, கண்ணால் மதிப்பிட்டதா? "பல" என்று கூட் என்ற நாமக்கோழிக்கு எழுதியிருக்கிறாரே, அவர் கணக்கில் பல என்றால் ஐம்பதா ஐந்நூறா? அவர் எண் சொன்னாலும் அதை நோட்டின் எண்ணாகப் பதியாதீர்கள். "பல" என்பது "பல" என்றே இருக்கட்டும், அவர் சொன்ன விளக்கம் பக்கத்தில் தனியாக இருக்கட்டும். பிறகு அந்தக் கோடு. டாப்சிக் என்ற முக்குளிப்பானுக்கு எதிரே கோடு போட்டால், தேடிப் பார்த்தும் இல்லை என்று அர்த்தமா, அன்றைக்குப் பார்க்கவில்லை என்று அர்த்தமா? வரியில் பெயரே இல்லாத பறவைகள் ஏரியில் இல்லாதவையா, அல்லது காகம், மைனாவை எல்லாம் எழுதவேண்டாம் என்று விட்டவையா?

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். இருந்ததை யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். இல்லாததை நம்பகமாகச் சொல்ல, எவ்வளவு தேடினோம் என்ற கணக்கு வேண்டும். கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலைப்பகுதியில் ஜோசப் கிரின்னெலும் அவர் குழுவும் 1914 முதல் 1920 வரை சிறு பாலூட்டிகளைக் கணக்கெடுத்தார்கள். எந்த இடத்தில், எத்தனை பொறி, எத்தனை இரவு, எதில் என்ன விழுந்தது, எது விழவில்லை என்று அத்தனையும் நோட்டில் இருந்தது. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து அதே இடங்களுக்குத் திரும்பிப் போனவர்கள் 2008இல் முடிவை வெளியிட்டார்கள். 28 இனங்களில் பாதி, சராசரியாக 500 மீட்டர் அளவுக்கு மலையில் மேலே ஏறியிருந்தன. இரவின் குளிர் குறைந்தது இதற்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. பழைய நோட்டில் பொறிக்கணக்கு இல்லாமல் போயிருந்தால் "அன்று அந்த உயரத்தில் எலி இல்லை" என்ற வாக்கியத்தையே எழுதியிருக்க முடியாது.

மாமாவுக்குப் பொறிக்கணக்கு கிடையாது, அதற்குச் சமமானவை உண்டு. எத்தனை மணிக்குப் போவார், எவ்வளவு நேரம் நிற்பார், ஏரிக்கரையில் ஒரே இடத்தில் நின்றாரா, கரை முழுக்க நடந்தாரா, சைக்கிளிலா பஸ்ஸிலா, தனியாகவா மாணவர்களோடா. எந்த வருடம் பைனாகுலரை மாற்றினார் என்று மறக்காமல் கேளுங்கள். நல்ல கண்ணாடி கைக்கு வந்த வருடத்தில் வாத்துகள் திடீரென்று பெருகியதாகக் காட்டும் பதிவுகளை நான் பார்த்திருக்கிறேன். கண்புரை எப்போது வந்தது, எப்போது அறுவைச் சிகிச்சை ஆனது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான், பக்குவமாகக் கேளுங்கள். போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். ஒரே மூச்சில் வேண்டாம், தினமும் அரை மணி. நோட்டை அவர் கையில் கொடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டால் போதும், பேச்சு தானாக வரும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோன்றலாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல்தான் தொடங்கியது. மாமாவின் முதல் பதின்மூன்று வருடம் அதற்கும் முந்தையது. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 3 கோடிக்கும் அதிகமான பதிவுகளை வைத்து எழுதப்பட்டது. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை கடந்த சில வருடங்களைச் சேர்ந்தவை. பழையவை குறைவு என்பதால், 2000க்கு முந்தைய வருடங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துத்தான் நீண்டகால மாற்றத்துக்கான தொடக்கப்புள்ளியாக வைக்கிறார்கள். மாமாவின் நோட்டுகள் போய்ச் சேர வேண்டியது அந்த மெலிந்த இடத்தில்தான்.

அடுத்து ஊர்ப்பெயர். பெங்களூரில் இது பெரிய சங்கடம். அவர் "கோரமங்களா ஏரி" என்று எழுதியிருந்தால், இன்று அங்கே தேசிய விளையாட்டுக் கிராமத்தின் அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஏற்கெனவே சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியமாகவும் தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமாகவும் ஆன ஊர் இது. ஹெப்பால், பெல்லந்தூர் மாதிரி இன்னும் இருக்கும் ஏரிகளிலும் கரை, சதுப்பு, நீர்ப்பரப்பு எல்லாம் மாறிவிட்டன. இன்றைய கூகுள் வரைபடத்தில் ஏரியின் நடுவே ஒரு புள்ளி குத்தி அதையே அவர் நின்ற இடம் என்று எழுதிவிடாதீர்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய வரைபடம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்து அவர் முன் விரித்து, எங்கே நின்றீர்கள் என்று கேட்டு, அவர் விரல் வைத்த இடத்தில் பென்சிலால் குறியுங்கள். அந்தப் பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற, பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கில் வரையப்பட்டவை. அதிலிருந்து எடுத்த அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே ஜி.பி.எஸ்.ஸில் போட்டால் இடம் நூறு மீட்டருக்கு மேல்கூடத் தள்ளிப்போகும். எந்தத் தாளிலிருந்து எடுத்தது என்று குறித்துவைத்தால் பின்னால் வருபவர்கள் திருத்திக்கொள்வார்கள்.

மர நோட்டுகளில் வேறு விதமான கண்ணி இருக்கிறது. நம் வனத்துறை வழக்கப்படி மரத்தைச் சுற்றி நாடாவைப் பிடித்து, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், அதாவது 1.37 மீட்டரில் சுற்றளவு எடுப்பார்கள். பல வெளிநாடுகளில் 1.3 மீட்டரில் விட்டம். நோட்டில் வெறுமனே "94" என்று இருந்தால் அது சுற்றளவாக இருக்கலாம், அப்படியானால் மரத்தின் விட்டம் 30 சென்டிமீட்டர்தான். சுற்றளவை விட்டம் என்று எடுத்துக்கொண்டால் அடிமரத்தின் பரப்பு ஏறக்குறைய பத்து மடங்காக ஊதிவிடும், காடு முழுவதும் பொய்யாகிவிடும். அங்குலமா சென்டிமீட்டரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

மரங்களின் பெயரை மாமா மூன்று மொழியில் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். தமிழ்க்காரர், கன்னட மாணவர்கள், லத்தீன் பாடம். வெக்காலி என்று ஒரு பக்கத்திலும் திண்டிகா என்று இன்னொரு பக்கத்திலும் இருந்தால் இரண்டும் ஒரே மரம். அவர் வகுப்பில் சொல்லிக்கொடுத்த லத்தீன் பெயர் அனோகைசஸ் லாட்டிஃபோலியா. 2017இல் அந்தப் பேரினத்தையே டெர்மினாலியாவில் சேர்த்துவிட்டதால் இன்று அது டெர்மினாலியா அனோகைசியானா. கருமருதும் மத்தியும் ஒன்று, வேங்கையும் ஹொன்னேயும் ஒன்று. எந்தப் பெயரையும் "திருத்தி" எழுதாதீர்கள், அவர் எழுதியது எழுதியபடியே அட்டவணையின் ஒரு பத்தியில் இருக்கட்டும், இன்றைய பெயர் அடுத்த பத்தியில் வரட்டும்.

பி.ஆர். மலை நோட்டுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. அங்கே உண்ணிச்செடி எப்படிப் பரவியது என்று பெங்களூரின் சூழலியல் ஆய்வு நிறுவனமான ஏட்ரீயின் ஆய்வாளர்கள் 1997இலும் 2008இலும் அதே காட்டில் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். பதினோரு வருடத்தில் அந்தச் செடி இருந்த கட்டங்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தன. 1997க்கு முன்னால் ஒருவர் மரத்தடியில் என்ன செடி இருந்தது என்று ஓரத்தில் இரண்டு சொல் எழுதியிருந்தாலும் அது தங்கம். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தினர் 1988இல் 50 ஹெக்டேர் நிலத்தைக் குறித்து, அதிலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டி, இன்றுவரை தொடர்கிறார்கள். முதல் கணக்கில் அங்கே மிக அதிகமாக இருந்த கைடியா காலிசினா என்ற மரம், யானைகள் முறித்துத் தின்றதில் பின்னால் வெகுவாகக் குறைந்துபோனது. ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் அதைத்தான் அந்தக் காட்டின் ராஜா என்று எழுதியிருப்போம்.

இனி பெட்டிக்கு வரலாம். திறந்ததும் வெயிலில் காயப்போடாதீர்கள். மை வெளுக்கும், தாள் நொறுங்கும். நிழலில், மின்விசிறிக் காற்று நேராக அடிக்காத இடத்தில் விரித்து வையுங்கள். ராமபாணப் பூச்சி அரித்த தாளை மென்மையான பிரஷ்ஷால் துடைத்தால் போதும். செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், லாமினேஷன் கூடவே கூடாது. துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றலாம், எந்தத் தாள்கள் சேர்ந்திருந்தன என்று குறித்துக்கொண்டு. நோட்டுகள் பெட்டியில் எந்த வரிசையில் இருந்தனவோ அந்த வரிசையை முதலிலேயே போட்டோ எடுத்துவிடுங்கள்.

படம் எடுக்க உங்கள் போனே போதும், ஜன்னல் வெளிச்சம் வேண்டும், வண்ணத்தில் எடுக்க வேண்டும். அட்டை முதல் அட்டை வரை, காலிப் பக்கத்தையும் விடாமல். நடுவில் பஸ் டிக்கெட்டோ சிகரெட் அட்டையில் எழுதிய எண்ணிக்கையோ இருந்தால் அது இருந்த இடத்திலேயே வைத்து ஒரு படம், எடுத்துவிட்டு ஒரு படம். மங்கலான பென்சில் எழுத்துக்கு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து இன்னொரு படம் எடுங்கள்.

தட்டச்சு செய்யும்போது நான் மேலே சொன்ன ஒரே விதிதான். நோட்டில் இருப்பது ஒரு பத்தி, நமக்குப் புரிந்தது இன்னொரு பத்தி. காலியாக இருப்பது காலியாகவே இருக்கட்டும். தேதியை எக்செல் தன்னிஷ்டத்துக்கு மாற்றிவிடும், ஆகவே வருடம், மாதம், நாள் மூன்றையும் தனித்தனிப் பத்தியாக வையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எந்த நோட்டு, எந்தப் பக்கம், எந்தப் படம் என்ற எண் வேண்டும். சேமிப்பதைச் சி.எஸ்.வி. என்ற, எந்தக் கணினியிலும் திறக்கும் எளிய உரைக் கோப்பாகவும் சேமியுங்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில்.

ஃபிளாப்பிகளை ஆர்வத்தில் எடுத்துப் போட்டுப் பார்க்காதீர்கள். காந்தத் தட்டில் வெள்ளையாகப் பூஞ்சை இருந்தால் ஒரே சுற்றில் தட்டும் போகும், டிரைவின் தலையும் போகும். மூன்றரை அங்குல ஃபிளாப்பி என்றால் மூலையில் உள்ள சிறு தாழை நகர்த்தித் துவாரத்தைத் திறந்துவிடுங்கள், அப்போது எழுத முடியாது, படிக்க மட்டும் முடியும். ஐந்தேகால் அங்குலம் என்றால் நேர்மாறு, ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். யூ.எஸ்.பி. டிரைவ் மூன்றரை அங்குலத்துக்கு மட்டும்தான் கிடைக்கிறது. பெரியதற்குப் பழைய டிரைவும் தனி போர்டும் தேவை, எஸ்.பி. ரோட்டில் பழைய கணினி உதிரிகள் விற்பவர்களிடம் விசாரித்துப் பார்க்கலாம். கோப்புகளைத் தனித்தனியாக நகலெடுக்காமல் முழு ஃபிளாப்பியையும் அப்படியே ஒரே கோப்பாக, அதாவது பிம்பமாக (டிஸ்க் இமேஜ்), எடுத்துவிட வேண்டும். உள்ளே டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருளின் கோப்பு இருந்தால் கவலை வேண்டாம், லிப்ரேஆபீஸில் திறக்கும். தமிழில் எழுதிய கோப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப்போடாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும், யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இருக்கின்றன.

எங்கே கொடுப்பது? பறவைக் கணக்கை இபேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பழைய தேதியிட்டே ஏற்றலாம். நேரமும் கால அளவும் தெரிந்தால் அவற்றோடு, தெரியாவிட்டால் வரலாற்றுப் பதிவு என்ற வகையில். அங்கே கடைசியில் ஒரு கேள்வி வரும், அடையாளம் தெரிந்த பறவைகள் அனைத்தையும் எழுதினீர்களா என்று. மாமா "ஆமாம்" என்று சொன்ன வருடங்களுக்கு மட்டும் "ஆமாம்" போடுங்கள். மர நோட்டுகளைத் தரவுக் கட்டுரையாக, அதாவது தரவையே முழுதாக வெளியிடும் ஆய்விதழ்க் கட்டுரையாக, வெளியிட வழி இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தினர் கர்நாடக மேற்குத்தொடர்ச்சி மலையின் 96 இடங்களின் மரக்கணக்கை 2010இல் அப்படித்தான் முழுதாக வெளியிட்டார்கள், இன்று யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஏட்ரீயில் பி.ஆர். மலையை அறிந்தவர்களிடம் நோட்டின் இரண்டு பக்கத்தைக் காட்டினாலே அதன் அருமை அவர்களுக்குப் புரியும். எதை வெளியிட்டாலும் தேவாங்கு, நட்சத்திர ஆமை, அரிய ஆர்க்கிட் இருக்கும் இடங்களைத் துல்லியமாக வெளியிடாதீர்கள். பிடித்து விற்பவர்களும் படிப்பார்கள். பொதுவில் தாலுகா பெயர் மட்டும், துல்லியமான இடம் மூலப் பிரதியில்.

மூல நோட்டுகளுக்கு ஹெப்பாலுக்கு அப்பால் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) ஆவணக் காப்பகத்தை முதலில் கேட்டுப் பாருங்கள். 2019இல் திறந்தது, சமகால இந்திய அறிவியலின் வரலாற்று ஆவணங்களைத் திரட்டிக் காப்பது. குடும்பத்தார் எல்லோரும் ஒப்புக்கொண்டு, மாமா தன் கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நல்லது. வீடு இடிக்கும் வரை வைத்திருக்க, தரையிலிருந்து ஓரடி உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல், குளியலறைக்குத் தள்ளி ஓர் அலமாரி போதும். அந்துருண்டை வேண்டாம், கொஞ்சம் சிலிக்கா ஜெல் போடுங்கள். பெட்டியின் மேல், உள்ளே என்ன இருக்கிறது, யார் எழுதியது, யாரைக் கேட்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள், வீடு காலிசெய்யும் அன்று சாமான் தூக்க வருபவர் கண்ணிலும் படும்படி.